விடைத்தாள் உடையான வரலாறு: கொரியக் கைக்காகிதத்தின் பல பிறவிகள்

ஜோசோன் அரசமரபுக் காலக் (1392–1910) கொரியாவில் அரசுப் பணிக்கு ஆள் தெரிவு செய்ய ‘குவாகோ’ என்னும் தேர்வு நடைபெற்றது. நாடெங்கிலுமிருந்து வந்தவர்கள் கனத்த, அகன்ற தாள்களில் விடை எழுதினர். தேறியவர் மிகச் சிலர். தேறாதவர் மிகப் பலர். தேறாதவர்களின் விடைத்தாள்களுக்கு ‘நக்போக்ஜி’ என்று தனிப்பெயரே இருந்தது. அந்தத் தாள்கள் குப்பைக்குப் போகவில்லை. வடக்கு எல்லையில் கடுங்குளிரில் காவல் நின்ற வீரர்களின் குளிராடைக்குள், பஞ்சுக்கு மாற்றாக வைத்துத் தைப்பதற்கு அவை அனுப்பப்பட்டன. தலைநகரில் ஒருவனுக்கு வாழ்வு தராத தாள், எல்லையில் இன்னொருவனின் உடல்சூட்டைக் காத்தது.

இன்று கொரியக் கைக்காகிதத்தால் ஆடை தைப்பதும், ஓவியம் சமைப்பதும், காட்சிக்கூடங்களில் சிற்பமாக நிறுத்துவதும் புதுமையாகப் பேசப்படுகின்றன. ஆனால் கொரியாவில் காகிதம் எழுத்தைத் தாங்கும் பரப்பாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை. அது தரையாகவும், சாளரமாகவும், காலணியாகவும், கவசமாகவும் வாழ்ந்தது. ஒரு பிறவி முடிந்தபின் அடுத்த பிறவி எடுப்பதே அதன் இயல்பு. இந்தத் தொடர்ச்சியைக் காணாமல் இன்றைய கலையையும் ஆடைக்கலையையும் மதிப்பிட இயலாது. அத்தொடர்ச்சியில் இப்போது எங்கே விரிசல் விழுந்திருக்கிறது என்பதும் புலப்படாது.

*

முதலில் பெயரைப் பார்க்கலாம். இக்காகிதத்தை இன்று உலகம் ‘ஹஞ்சி’ என்று அழைக்கிறது. ‘ஹன்’ என்பது கொரியாவையும் ‘ஜி’ என்பது காகிதத்தையும் குறிக்கும் சீனவழிச் சொற்கள். தொன்மையானது போல் ஒலிக்கும் இப்பெயர் உண்மையில் மிக இளையது. முன்னைய கொரியர்க்கு அது வெறும் காகிதம்தான். பயனையோ தரத்தையோ ஒட்டித்தான் அவர்கள் அதை வேறுபடுத்தினர். கதவிலும் சாளரத்திலும் ஒட்டுவது ‘சாங்ஹோஜி’. தரையில் விரித்து எண்ணெய் ஊட்டுவது ‘ஜாங்பான்ஜி’. மேலைநாட்டு எந்திரக் காகிதம் ‘யாங்ஜி’ என்ற பெயரோடு வந்து பரவிய பிறகுதான், அதனின்று தம்முடையதைப் பிரித்துக் காட்ட ‘கொரியக் காகிதம்’ என்ற அடைமொழிப் பெயர் தேவைப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில்தான் அது பொதுவழக்காக நிலைபெற்றது.

மொழியியலில் இது நன்கறிந்த நிகழ்வு. புதியது ஒன்று வந்து பொதுப்பெயரைப் பறித்துக்கொள்ளும்போது, பழையது ஓர் அடைமொழியை ஏற்றுக்கொண்டு ஒதுங்கும். விசைத்தறி வரும்வரை கைத்தறிக்குத் தறி என்பதே பெயர். பண்ணைக்கோழி வரும்வரை நாட்டுக்கோழி வெறும் கோழிதான். அடைமொழி பெறுவது சிறப்புப் பெறுவது போலத் தோன்றும். பெரும்பாலும் அது அன்றாடத்திலிருந்து விலக்கப்பட்டதன் அடையாளம். ‘ஹஞ்சி’ என்ற பெயர் பிறந்த நூற்றாண்டிலேயே அக்காகிதம் கொரிய வீடுகளை விட்டு வெளியேறத் தொடங்கியது தற்செயலன்று.

*

இக்காகிதத்தின் மூலம் ‘டாக்’ என்னும் மரம். முசுக்கட்டை இனத்தின் உறவான அதனைக் காகித முசுக்கட்டை எனலாம். அறுவடை முடிந்து குளிர் இறங்கிய பிறகு அவ்வாண்டுக் கிளைகளை வெட்டுவர். வெட்டிய கிளைகளைக் கட்டாக அடுக்கி ஆவியில் வேகவைத்தால் பட்டை எளிதில் உரியும். கருநிற மேல்தோலைக் கத்தியால் சுரண்டி நீக்க, உள்ளே வெண்ணிற நார்ப்பட்டை கிடைக்கும். வைக்கோல், அவரையினச் செடிகளின் தண்டு முதலியவற்றை எரித்த சாம்பலில் நீர் ஊற்றி வடித்த காரநீரில் அப்பட்டையைப் பல மணிநேரம் கொதிக்கவைப்பர். பின்பு ஓடும் நீரில் அலசி, வெயிலில் வெளுக்கவிட்டு, எஞ்சிய கறைகளையும் முடிச்சுகளையும் விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுப்பர். அதன்பின் கல்லின்மேல் வைத்துக் கட்டையால் அடித்து நாரைப் பிரிப்பர். அடித்தால் நார் பிரியுமேயன்றி அறுந்து குறுகாது. மரக்கூழ் நார் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமே இருக்க, டாக் நார் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளமுடையது. இக்காகிதத்தின் வலிமைக்கு முதற்காரணம் இந்த நீளமே.

பிரிந்த நாரைத் தொட்டி நீரில் கலக்கும்போது வழவழப்பான ஒரு சாற்றைச் சேர்ப்பர். அது வெண்டையின் நெருங்கிய உறவான ஒரு செடியின் வேரிலிருந்து எடுக்கப்படுவது. வெண்டைக்காய் நறுக்கிய கைக்கு அதன் தன்மை தெரியும். ‘டாக்புல்’ எனப்படும் இச்சாறு பசையாகச் செயல்படுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது நார்களை ஒட்டவைப்பதற்கு மாறாக ஒன்றோடொன்று சிக்காமல் நீரில் மிதக்கவிடுகிறது. நீர் பாயின் வழியே வடியும் வேகத்தையும் தணிக்கிறது. அதனால்தான் ஈரத்தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்தினாலும் பின்னர் தனித்தனியே உரித்தெடுக்க முடிகிறது.

மெல்லிய மூங்கில் ஈர்க்குகளால் பின்னிய பாயைச் சட்டத்தில் ஏந்தி, அதனால் நார்நீரை முகந்தெடுப்பதே தாள் பிறக்கும் கணம். கொரியாவின் பழைய முறையில் அந்தச் சட்டம் மேலிருந்து ஒற்றைக் கயிற்றில் தொங்கும். இதற்கு ‘வேபால்’ முறை என்று பெயர். ஒற்றைக் கயிறாதலால் சட்டத்தை எப்பக்கமும் சாய்க்கலாம். கைவினைஞர் முன்னிருந்து நீரை முகந்து பின்னே வழியவிடுவார். பிறகு இடமும் வலமும் சாய்த்து வழியவிடுவார். நீர் எத்திசையில் ஓடுகிறதோ அத்திசையில் நார் படியும். ஆகவே நெசவில் பாவும் ஊடும் போல நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்கின்றன. இவ்வாறு எடுத்த தாளின் ஒரு விளிம்பு சற்றுத் தடித்திருக்கும். எனவே இன்னொரு தாளைத் தலைமாற்றி அதன்மேல் வைத்து, இரண்டையும் ஒரே தாளாக்குவர். எப்பக்கம் இழுத்தாலும் எளிதில் கிழியாத தன்மை இவ்வாறுதான் வருகிறது. நீளவாக்கில் நறுக்கித் திரித்தால் நூலாக நிற்பதும் இதனால்தான். கொரியக் காகிதம் உடையாக மாறியதன் இரகசியம் தையலறையில் தோன்றியதன்று. அது அந்த ஒற்றைக் கயிற்றில் இருக்கிறது.

காய்ந்த தாள்களைச் சற்றே ஈரமாக்கி அடுக்கி, உலக்கைப் பொறியால் மீண்டும் மீண்டும் இடிப்பது ‘டோச்சிம்’ என்னும் இறுதிப் பணி. இடிக்க இடிக்க நுண்துளைகள் அடைபட்டு மேற்பரப்பு பளபளப்பாகும். மை பரவாமல் நிற்கும். ஒரு தாள் உருவாகத் தொண்ணூற்றொன்பது முறை கைபட வேண்டும், பயன்படுத்துபவரின் கை நூறாவது என்பது கொரியர் வழக்கு. பட்டு ஐந்நூறாண்டு, காகிதம் ஆயிரமாண்டு என்பது அவர்களிடையே வழங்கும் இன்னொரு முதுமொழி.

*

அந்த முதுமொழி வெற்றுப் பெருமையன்று. கியோங்ஜு நகரின் புல்குக்சா விகாரையிலுள்ள சொக்காதாப் என்னும் கற்கோபுரம் 751ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. 1966இல் அதனைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது உள்ளே தாரணி சூத்திரம் அச்சிடப்பட்ட ஒரு சிறு காகிதச் சுருள் கிடைத்தது. அகலம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். நீளம் ஆறு மீட்டருக்கும் மேல். தொடக்கப் பகுதி சிதைந்திருந்தாலும் எழுத்துகள் வாசிக்கும்படியே இருந்தன. உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக்கட்டை அச்சுப் படிகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

அதே சில்லா அரசுக்காலத்தைச் சேர்ந்த இன்னொரு சான்று, காகித வரலாற்றுக்கும் மொழி வரலாற்றுக்கும் ஒருசேர முதன்மையானது. 754இல் தொடங்கி 755இல் எழுதி முடிக்கப்பட்ட அவதம்சக சூத்திரப் படி அது. அதன் இறுதியிலுள்ள முடிப்புரை, அந்நூல் உருவான முறையையே பதிவுசெய்கிறது. காகிதத்துக்கான டாக் மரத்தின் வேருக்கு நறுமண நீர் ஊற்றி வளர்த்ததையும், பணியில் ஈடுபட்டோர் தூய்மை காத்த நெறிகளையும் அது சொல்கிறது. எழுதியவர், ஓவியம் தீட்டியவர் ஆகியோரோடு காகிதம் செய்தவரின் பெயரையும் ஊரையும் அது குறித்துவைத்திருக்கிறது. சீன எழுத்துகளைக் கொண்டு கொரிய மொழியின் சொல்வரிசையையும் இடைச்சொற்களையும் காட்ட முயன்ற ‘இடு’ என்னும் எழுத்துமுறையின் தொடக்ககாலச் சான்றுகளுள் இம்முடிப்புரையும் ஒன்று. ஒரு மொழி தன் இலக்கணத்தை இரவல் எழுத்தில் ஏற்ற முயன்ற அந்தப் பத்தியிலேயே, ஒரு காகிதக் கைவினைஞரும் பெயரோடு நிற்கிறார். பின்வந்த நூற்றாண்டுகளில் இத்தகைய மதிப்பு அத்தொழிலாளர்க்கு எளிதில் வாய்க்கவில்லை.

கொரியர் இக்கலையைத் தமக்குள் வைத்துக்கொள்ளவுமில்லை. கோகுர்யோ நாட்டுத் துறவி தாம்ஜிங் 610இல் ஜப்பானுக்குச் சென்றார் என்றும், அவர் காகிதமும் மையும் செய்ய வல்லவர் என்றும் ஜப்பானின் பழைய வரலாற்று நூலான ‘நிஹோன் ஷோகி’ குறிப்பிடுகிறது. அடுத்து வந்த கோரியோ காலத்தில் (918–1392) கொரியக் காகிதம் சீனத்து அறிஞர்களிடையே பெரும்புகழ் பெற்றது. அதன் மென்மையையும் வெண்மையையும் உறுதியையும் கண்டு, அது பட்டுப்புழுக் கூட்டிலிருந்து செய்யப்பட்டது என்றே சீனர் சிலர் எண்ணினர். அக்காலத்தின் இறுதியில், 1377இல், சோங்ஜு நகரின் ஹுங்டோக்சா விகாரையில் உலோக அச்செழுத்துகளால் ‘ஜிக்ஜி’ என்னும் பௌத்த நூல் அச்சிடப்பட்டது. இயங்கு உலோக எழுத்தால் அச்சிடப்பட்டு எஞ்சியுள்ள நூல்களுள் அதுவே மிகப் பழையது. அதன் இரண்டாம் பகுதி மட்டும் இன்று பாரிசிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது.

*

ஜோசோன் அரசு காகிதத்தை அரசுத்துறைப் பொருளாக்கியது. 1415இல் ‘ஜோஜிசோ’ என்னும் அரசுக் காகிதச்சாலை தலைநகருக்கு வடமேற்கே, சேகோம்ஜோங் ஓடைக்கரையில் அமைக்கப்பட்டது. தெளிந்த ஓடைநீரே அவ்விடத்தைத் தெரிந்தெடுக்கக் காரணம். அதே ஓடைக்கரையில் இன்னொரு சடங்கும் நடைபெற்றது. ஓர் அரசர் மறைந்தபின் அவருடைய ஆட்சியின் வரலாற்றுத் தொகுப்பு நிறைவுற்றதும், அதற்கு அடிப்படையான குறிப்புகளையும் வரைவுகளையும் அங்கே கொண்டுவந்து ஓடைநீரில் கழுவுவர். மை கரைந்து போகும். வெண்மை மீண்ட தாள் அருகிலுள்ள காகிதச்சாலையில் மறுபடி கூழாகும். ‘செச்சோ’ எனப்பட்ட இச்சடங்குக்கு அரசியல் காரணம் உண்டு. எவர் எதை எழுதினார் என்பது வெளியில் கசிந்தால் வரலாற்றாசிரியரின் உயிருக்கே கேடு. மறைபொருளைக் காக்கவும் காகிதத்தை மீட்கவும் ஒரே ஓடை போதுமானதாக இருந்தது. இக்காகிதம் நீரில் நனைந்தும் அழியாதது என்பதை அரசே ஒரு நடைமுறையாக நம்பியிருந்தது என்பது இதனால் விளங்கும்.

ஆனால் காகிதத்தின் மறுபக்கம் இருண்டது. அரசின் தேவை பெருகியது. 1637இல் மஞ்சூரியப் படையிடம் பணிந்தபின் சிங் அரசுக்குக் கட்டிய திறைப் பொருள்களிலும் காகிதம் இடம்பெற்றது. அரசின் ஆதரவை இழந்திருந்த பௌத்த விகாரைகளின் தலையில் இச்சுமை இறங்கியது. மலையும் ஓடையும் டாக் மரமும் ஆள்பலமும் ஓரிடத்தில் இருந்தது விகாரைகளில்தான். துறவியர் கூலியின்றிக் காகிதம் செய்து கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். சுமை தாங்காமல் துறவியர் ஓடிப்போனதால் வெறிச்சோடிய விகாரைகள் உண்டு. தென்கிழக்கிலுள்ள பெருவிகாரையான தோங்தோசாவில், அக்கட்டாயப் பணியை நீக்கப் பாடுபட்ட துறவி ஒருவரின் நினைவாக நடப்பட்ட கல்வெட்டு இன்றும் நிற்கிறது. காகிதத்தின் அழகைப் பாடும் எவரும் அக்கல்லின் முன் ஒருமுறை நிற்க வேண்டும். அரசுக் காகிதச்சாலையும் 1882இல் மூடப்பட்டது.

*

அரண்மனைக்கும் விகாரைக்கும் வெளியே, மக்களின் வீடுகளில் காகிதம் வேறொரு வாழ்க்கை வாழ்ந்தது. அடியில் நெருப்புச்சூடு ஓடும் ‘ஓன்டோல்’ தரையில் தடித்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, சோயா அவரைச் சாறும் பெரில்லா விதையெண்ணெயும் தேய்ப்பர். தேன்நிறத்தில் மின்னும் அத்தரை நீருக்கும் சூட்டுக்கும் அசையாது. மழையில் தொப்பியின்மேல் கவிழ்க்கும் ‘கால்மோ’ என்னும் கூம்பு, எண்ணெயூட்டிய மடிப்புக் காகிதத்தால் ஆனது. பெண்கள் தம் வீட்டாரின் காலுறைகளுக்கு அளவெடுத்துக் காகிதத்தில் வெட்டிய வார்ப்புகளைச் சிறு பைகளில் பேணினர். பல அடுக்குக் காகிதத்தை ஒட்டி மரப்பால் மெருகேற்றிய கவசங்களும் இருந்தன.

இவற்றுள் வியப்புக்குரியது ‘ஜிசுங்’ என்னும் கலை. படித்து முடித்த பழைய நூல்களின் ஏடுகளை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, விரல்களுக்கிடையே திரித்துக் கயிறாக்கி, அக்கயிற்றைக் கூடை முடைவது போல் முடைவர். தட்டு, குடுக்கை, பெட்டி, காலணி என எல்லாம் அதில் உருவாகும். மணப்பெண் பல்லக்கில் செல்லும்போது உடன் கொண்டுபோகும் சிறுநீர்க் கலம்கூட இவ்வாறு முடைந்து மெருகிட்டதே. பித்தளையைப் போல் அது ஓசை எழுப்பாது. மணமகளின் நாணம் காக்கப்படும். இப்பொருள்களை உற்றுநோக்கினால் முறுக்கிய இழைகளில் கரும்புள்ளிகள் தெரியும். அவை ஒருகாலத்தில் எழுத்துகள். யாரோ கற்ற பாடம், யாரோ எழுதிய கணக்கு, இப்போது ஒரு குடுக்கையின் மேனி. எல்லை வீரனின் ஆடையும் இதே மரபின் ஒரு கிளைதான்.

இம்மரபை இன்றைய மொழியில் மறுசுழற்சி என்று அழைக்கத் தோன்றும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. குப்பையைக் குறைக்கும் நோக்கத்தில் எழுந்ததன்று அது. காகிதம் அரிதாகவும் உழைப்பின் திரட்சியாகவும் இருந்த உலகில், அதனை ஒரே பயனோடு முடித்துவிடுவது எவருக்கும் கட்டுப்படியாகாத செயலாக இருந்தது.

*

இருபதாம் நூற்றாண்டு இவ்வுலகைப் பல முனைகளில் தாக்கியது. ஜப்பானியக் குடியேற்ற ஆட்சிக்காலத்தில் (1910–1945) ‘ஸாங்பால்’ என்னும் முறை பரப்பப்பட்டது. இதில் சட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட கயிறுகளில் தொங்கும். விளிம்புகளில் தடுப்பு இருக்கும். முன்னும் பின்னும் மட்டும் ஆட்டப்படும். விரைவாகவும் சீராகவும் தாள்கள் கிடைக்கும். ஆனால் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படியும். சாம்பல்நீரின் இடத்தைக் காஸ்டிக் சோடாவும், வெயிலின் இடத்தை வெளுப்பு வேதிப்பொருளும், டாக் நாரில் ஒரு பகுதியின் இடத்தை மரக்கூழும் பிடித்தன. போருக்குப் பிந்தைய தென்கொரியாவில் கண்ணாடிச் சாளரங்களும் செயற்கைத் தரைவிரிப்புகளும் சிமெந்து வீடுகளும் வந்தன. 1970களின் சேமாவுல் ஊரக இயக்கம் அம்மாற்றத்தைச் சிற்றூர்கள்வரை கொண்டுசென்றது. காகிதத்தின் மிகப்பெரிய வாடிக்கையாளர் அரசரோ அறிஞரோ அல்லர். ஆண்டுதோறும் சாளரக் காகிதம் மாற்றிய எளிய வீடுகள்தாம். அவ்வீடுகள் மாறியதும் காகிதப் பட்டறைகளின் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

வீட்டிலிருந்து காகிதம் வெளியேறிய அதே ஆண்டுகளில் ஓவியர்கள் அதனை எடுத்துக்கொண்டனர். கீழைத்தேய ஓவிய மரபில் பயின்ற குவோன் யோங்-வூ (1926–2013) 1960களில் தூரிகையையும் மையையும் விலக்கிவைத்துவிட்டுக் காகிதத்தையே கிழித்தும், துளைத்தும், நகத்தால் கீறியும் ஒட்டியும் படைப்புகளை உருவாக்கினார். ஓவியத்துக்கு அடியில் இருந்த காகிதம் அவர் கையில் ஓவியமாகவே ஆனது. சோங் சாங்-சோப் (1927–2011) இன்னும் ஒரு படி பின்னே சென்று, தாளாக மாறுவதற்கு முந்தைய டாக் கூழைக் கையால் பரப்பிக் காயவிட்டார்; நாரின் சுருக்கங்களும் கறைகளுமே அங்கே கோடுகள். அவர் தம் படைப்பு வரிசை ஒன்றுக்கு மரத்தின் பெயரையே சூட்டினார். பாக் சோ-போ (1931–2023) 1980களில் ஈர ஹஞ்சி அடுக்குகளின்மீது மீண்டும் மீண்டும் கோடிழுத்து, உழுத நிலம் போன்ற பரப்புகளைப் படைத்தார். ஒற்றைநிற ஓவியம் என்னும் பொருளில் ‘தான்சேக்ஹ்வா’ என்று பின்னர் அழைக்கப்பட்ட இயக்கத்தின் முதன்மையாளர்கள் இவர்கள். எழுபதுகளின் படையாட்சி நெருக்கடியில் பேசாமை ஒரு மொழியாகியிருந்த சூழலில், எழுதப்படாத காகிதமே பேச்சாயிற்று என்று இவ்வியக்கத்தை வாசிப்பவர்களும் உண்டு.

சுன் குவாங்-யோங் (பிறப்பு 1944) வேறொரு வழியை மேற்கொண்டார். 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய அவருடைய ‘திரட்சி’ வரிசையில், முக்கோண நுரைத்துண்டுகள் ஆயிரக்கணக்கில் பழைய நூல்களின் ஏடுகளால் பொதியப்பட்டு, காகிதக் கயிற்றால் கட்டப்பட்டு, நிலவின் மேற்பரப்பைப் போல் திரண்டு நிற்கின்றன. சிறுவயதில் உறவினர் ஒருவரின் மருந்தகத்தில் கூரையிலிருந்து தொங்கிய மூலிகைப் பொட்டலங்களே அவற்றின் ஊற்று என்று அவர் கூறியிருக்கிறார். கயிறு திரித்தவர்களின் மரபும் பொட்டலம் கட்டியவர்களின் மரபும் அதில் கைகோக்கின்றன. ஆனால் அப்படைப்பு ஒரு வினாவையும் எழுப்புகிறது. முன்னாளில் பழைய ஏடு கயிறானபோது, அவ்விடத்தை நிரப்பப் புதிய ஏடு ஒவ்வொரு குளிர்காலத்திலும் பிறந்துகொண்டிருந்தது. இன்று பழைய ஏடுகள் எண்ணிக்கையில் குறைவனவேயன்றிப் பெருகுவனவல்ல. மறுபிறவி என்னும் கருத்து முதற்பிறவி தொடர்ந்து நிகழும் உலகில்தான் முழுப்பொருள் பெறும்.

*

ஆடைக்கலைக்கும் இவ்வினா பொருந்தும். ஜொன்ஜு, வோன்ஜு ஆகிய நகரங்கள் நடத்தும் காகித விழாக்களில் ஹஞ்சி ஆடைகள் மேடையேறுகின்றன. அவற்றுள் ஒருவகை, தாளையே துணியாகக் கொண்டு பிசைந்து, சாயமேற்றி, மடித்துத் தைத்தவை. கசக்கக் கசக்கத் தாள் இளகித் தோல்போல் மென்மையாகும். இவை கண்ணுக்கு விருந்தாயினும் அன்றாடம் உடுத்தத்தக்கவை அல்ல. இன்னொரு வகை நூல்வழி வருவது. மெல்லிய ஹஞ்சியைச் சில மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாக எந்திரத்தில் நறுக்கி முறுக்கி நூலாக்குவர். பருத்தியோடோ பிற இழைகளோடோ சேர்த்துக் காலுறை, உள்ளாடை, சட்டை, படுக்கைவிரிப்பு நெய்வர். இலேசானது, வியர்வையை விரைந்து உறிஞ்சுவது, துவைத்துப் பயன்படுத்தத்தக்கது என்பன இதன் சிறப்புகள். ஜிசுங் கலைஞரின் விரல் செய்த வேலையையே இங்கு எந்திரம் செய்கிறது என்ற வகையில் இதனை மரபின் நீட்சி எனலாம்.

ஆனால் நீளமான உருளைகளாகத் தொடர்ந்து வேண்டப்படும் அந்தக் காகிதத்தை ஒற்றைக் கயிற்றுச் சட்டத்தில் எடுக்க முடியாது. அது எந்திரத்தில் உருவாவது. அதனை ஹஞ்சி என்றே விற்கின்றனர். வெளிநாட்டிலிருந்து வந்த நாரில் செய்ததும், சோடாவில் வெந்ததும், மரக்கூழ் கலந்ததும் அதே பெயரில் கடைகளில் கிடைக்கின்றன. எந்திரத்தைக் குறை கூறுவதற்கில்லை. மலிவான காகித நூல் பலருக்கு உடையாவது நன்றே. சிக்கல் பெயரில் இருக்கிறது. மேலைக் காகிதத்திலிருந்து தன்னைப் பிரித்துக்காட்டப் பிறந்த சொல், இன்று தனக்குள்ளேயே எந்த வேறுபாட்டையும் காட்ட முடியாத அளவுக்கு விரிந்துவிட்டது. நூறு கை பட்ட தாளும் ஒரு கையும் படாத தாளும் ஒரே பெயரில் அருகருகே அடுக்கப்படும்போது, விலை குறைந்ததே வெல்லும். சொற்பொருள் விரிவு இங்கே அகராதியோடு நின்றுவிடுவதில்லை. அது ஒரு பட்டறையின் அடுப்பை அணைக்க வல்லது.

தரம் தேடியவர்கள் எதிர்பாராத திசையிலிருந்து வந்தனர். நூல்களையும் ஆவணங்களையும் காக்கும் இத்தாலிய அரசு நிறுவனம், கொரியக் கைவினைஞர் செய்த ஹஞ்சியைச் சோதித்து, பழுதுநீக்கப் பணிக்கு ஏற்றதென 2016இல் சான்றளித்தது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரொசானோ நற்செய்தி நூலையும், புனித பிரான்சிசின் கையெழுத்துள்ள தோல் ஏட்டையும் செப்பனிடுவதில் அது பயன்பட்டது. பாரிசின் லூவர் அருங்காட்சியகமும் பவேரிய மன்னர் இரண்டாம் மாக்சிமிலியனின் மேசை ஒன்றைப் புதுப்பிக்க ஹஞ்சியை நாடியது. மென்மையும் வலிமையும் ஒருசேர வாய்த்த, அமிலமற்ற தாள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அமிலம் கலந்த எந்திரக் காகிதம் சில பத்தாண்டுகளில் மஞ்சளாகி நொறுங்கும். சாம்பல்நீரில் வெந்த நார் அவ்வாறு ஆவதில்லை. அதாவது, பழமை என்று ஒதுக்கப்பட்ட அந்தச் சாம்பலையும் ஓடைநீரையும்தான் பழுதுநீக்குநர்கள் தேடி வந்தனர். அவர்கள் கேட்டது பெயரையன்று, செய்முறையை.

கொரிய அரசு 2005இல் ஹஞ்சிக் கைவினையைத் தேசிய அருவ மரபுச்செல்வமாக அறிவித்து, தேர்ந்த கைவினைஞர்களை அதன் காவலர்களாக ஏற்றது. ஜப்பானும் சீனாவும் தத்தம் கைக்காகிதக் கலைகளை யுனெஸ்கோ பட்டியலில் 2009லேயே சேர்த்துவிட்டன; கொரியா 2024இல் தன் விண்ணப்பத்தை அளித்தது. பட்டியல்கள் பெருமை தரும். ஆனால் சாளரக் காகிதம் வாங்கிய வீடுகளின் இடத்தைப் பட்டியல்கள் நிரப்புவதில்லை. முதிய கைவினைஞரிடம் இளையவர் ஒருவர் பத்தாண்டு தங்கிக் கற்க வேண்டுமானால், அந்தப் பத்தாண்டின் முடிவில் அவருடைய தாளைத் தாளென்று அறிந்து வாங்க ஒருவர் இருக்க வேண்டும்.

கலைஞருக்கும் ஆடை வடிவமைப்பாளருக்கும் உள்ள பொறுப்பு இங்கேதான். ஓர் ஓவியத்தின் கீழ் எழுதும் விளக்கச்சீட்டில் ‘ஹஞ்சி’ என்று மட்டும் எழுதாமல், எந்த ஊர் நார், எந்த முறை, யார் செய்தது என்று எழுதுவது பெரிய செலவன்று. 755ஆம் ஆண்டுச் சூத்திரப் படி அதைச் செய்திருக்கிறது. துறவிக்கும் ஓவியருக்கும் பக்கத்தில், காகிதம் செய்தவரின் பெயரையும் ஊரையும் ஆயிரத்து இருநூற்றெழுபது ஆண்டுகளாக அது ஏந்திக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரை இன்றும் படிக்க முடிவதற்குக் காரணம், அவர் செய்த காகிதமேதான்.